செல்போன் டவரும் எங்கள் தலைவலியும்

நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் காபியோடு உட்காருங்கள், இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை படியுங்கள்.

"டீச்சர், செல்போன் டவரால கேன்சர் வருமா? ஒரு வரியில சொல்லுங்க." போன மாதத்திலிருந்து ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டார்கள். ஒரு வரியில் சொல்வதானால், வரும் என்பதற்கு இதுவரை நல்ல ஆதாரம் இல்லை. ஆனால் இதை மட்டும் சொன்னால் யாரும் நம்புவதில்லை. "கம்பெனிக்காரன் சொல்றதையே நீங்களும் சொல்றீங்களே" என்கிறார்கள். அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். நொச்சிக்குப்பத்தை ஒட்டிய ஒரு தெருவில், ஒரு வீட்டு மொட்டைமாடியில் டவர் வைக்க ஆட்கள் வந்து அளந்துவிட்டுப் போனார்கள். மறுநாளே தெருவில் கூட்டம். மனு எழுத வேண்டும் என்று என்னிடம் வந்தார்கள். முப்பத்து நாலு வருஷம் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள் என்பதால் ரேஷன் கார்டு முதல் பட்டா வரை எல்லா மனுவும் என் வீட்டு வாசலுக்குத்தான் வரும். "எங்கள் பிள்ளைகளுக்குப் புற்றுநோய் வரும்" என்று முதல் வரி போடச் சொன்னார்கள். படித்துவிட்டு எழுதுகிறேன், ரெண்டு நாள் கொடுங்கள் என்றேன். நான் விஞ்ஞானி இல்லை. ஆசிரியர் பயிற்சி டிப்ளமா முடித்து, தொடக்கப் பள்ளியில் அறிவியல் சொல்லிக் கொடுத்தவள். அந்த அளவில், புரிந்ததைச் சொல்கிறேன்.

கதிர்வீச்சு என்றதும் நமக்குக் கல்பாக்கமும் எக்ஸ்ரே அறையும் நினைவுக்கு வருகின்றன. எக்ஸ்ரே உடம்பின் அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்து எடுக்கும் வலு உள்ளது. அதனால் மரபணு உடையலாம், புற்றுநோய் தொடங்கலாம். செல்போன் அலை வேறு சாதி. ரேடியோ, டிவி, வைஃபை, செல்போன் எல்லாம் ஒரே குடும்பம். வீட்டு பல்பு வெளிச்சத்தின் ஒரு துகளில் இருக்கும் ஆற்றலில் லட்சத்தில் ஒரு பங்குகூட செல்போன் அலையின் துகளில் கிடையாது. அணுவை உடைக்க அதற்குத் தெம்பு போதாது. அது செய்யக்கூடியது, நிறைய இருந்தால், சூடாக்குவது. மைக்ரோவேவ் அடுப்பு அப்படித்தான் வேலை செய்கிறது. ஆனால் அடுப்பில் மூடிய பெட்டிக்குள் 700, 800 வாட். பழைய 2ஜி போன் பேசும்போது சராசரியாக வெளிவிட்டது கால் வாட் அளவு. டவரில் ஒரு ஆன்டெனாவுக்குப் போவது சுமார் 20 வாட், அதுவும் திறந்த வெளியில் பரவிப் போகிறது.

டவருக்குக் கீழே குடியிருப்பவர்களுக்குத்தான் பயம் அதிகம். இதற்கு எங்கள் ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. மெரினா கலங்கரை விளக்கம். அதன் வெளிச்சம் எங்கே போகிறது? கடலுக்குள் வெகு தூரம். அதன் காலடியில் நின்றால் வெளிச்சம் விழுவதில்லை. டவர் ஆன்டெனாவும் பக்கவாட்டில்தான் வீசும், நேர் கீழே மிகக் குறைவு. தூரம் இரண்டு மடங்கானால் அளவு நாலில் ஒன்றாகும், மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்று. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கே புரியும் கணக்கு.

சட்டம் என்ன சொல்கிறது? சர்வதேச அளவில் ஒரு வரம்பு இருக்கிறது. இந்தியாவில் 2012 செப்டம்பர் 1 முதல் அதில் பத்தில் ஒரு பங்குதான் அனுமதி. 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு ஒரு சதுர மீட்டருக்கு 0.45 வாட். மதியம் பன்னிரண்டு மணிக்கு லூப் ரோட்டில் குடை இல்லாமல் நின்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1000 வாட் வெயில் நம் மேல் விழுகிறது. (வெயில் தோலோடு நிற்கும், ரேடியோ அலை கொஞ்சம் உள்ளே போகும். அதனால் இது முழுக்கச் சரியான ஒப்பீடு இல்லை. அளவு புரிவதற்காகச் சொல்கிறேன்.)

இன்னொன்று நம் ஆட்களுக்குச் சொன்னதும் புரிந்தது. கரையில் பக்கத்தில் நிற்பவனிடம் மெதுவாகப் பேசுவோம். தூரத்துப் போட்டில் இருப்பவனைக் கூப்பிட வேண்டுமானால் கத்துவோம். போனும் அப்படித்தான். டவர் பக்கத்தில் இருந்தால் மெதுவாகப் பேசும், தூரத்தில் இருந்தால் கத்தும். அந்தக் கத்தல் நடப்பது நம் காதோரத்தில். டவரைத் தள்ளி வைத்தால் தலைக்குப் போகும் அலை கூடத்தான் செய்யும். இதைச் சொன்னபோது கூட்டத்தில் ஒரு பெரியவர், "அப்போ டவரு வெச்சாத்தான் நல்லதுன்றியா டீச்சர்?" என்று முறைத்தார். கணக்கைத்தான் சொல்கிறேன் என்றேன்.

இப்போது புற்றுநோய். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2011 மே மாதம் செல்போன் அலையை "புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளவை" என்ற 2பி பிரிவில் வைத்தது உண்மை. வாட்ஸப்பில் வருவது இந்த ஒரு வரிதான். அந்தப் பட்டியலை முழுதாகப் பார்த்தால் வேறு விஷயம் தெரிகிறது. கற்றாழை முழு இலைச் சாறு 2பி. ஆசிய முறை காய்கறி ஊறுகாய் 2பி. அதற்கு மேல் படி 2ஏ. அதில் விறகுப் புகை இருக்கிறது, கொதிக்கும் எண்ணெயில் வறுக்கும்போது வரும் புகை இருக்கிறது. அதற்கும் மேலே முதல் பிரிவு, சந்தேகமே இல்லாதவை. புகையிலை, சாராயம், பாக்கு, வெற்றிலை பாக்கு, சூரியக் கதிர், டீசல் புகை, வெளிக்காற்று மாசு. சீன முறையில் உப்பிட்ட மீன்கூட முதல் பிரிவில்தான். (நம் கருவாடு அந்த முறையில் செய்வதில்லை. பயந்து கருவாட்டுக் குழம்பை நிறுத்திவிடாதீர்கள்.) இந்தப் பிரிவுகள் சொல்வது ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதை. எவ்வளவு ஆபத்து என்பதை இல்லை.

2011-க்குப் பிறகு ஆராய்ச்சி நிற்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் கேட்டு, ஆஸ்திரேலிய அறிஞர்கள் தலைமையில் 63 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த அறிக்கை 2024 செப்டம்பரில் வந்தது. செல்போன் உபயோகத்துக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவில்லை என்பது முடிவு. பத்து வருஷத்துக்கு மேல் பேசியவர்களிடமும் தெரியவில்லை. உலகத்தில் கோடிக்கணக்கானோர் காதில் போனை வைத்து முப்பது வருஷம் ஆகிறது. பல நாட்டுப் புற்றுநோய்ப் பதிவேடுகளில் மூளைக் கட்டி அதற்கேற்ப ஏறவில்லை.

எதிர்த் தரப்பையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 2018-ல் ஒரு பெரிய எலி ஆராய்ச்சி வெளிவந்தது. ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம், இரண்டு வருஷம், முழு உடம்பிலும் பலமான அலை. ஆண் எலிகளில் சிலவற்றுக்கு இதயத்தில் கட்டி வந்தது. பெண் எலிகளில் அப்படித் தெளிவாக இல்லை. வேடிக்கை என்னவென்றால் அலை பட்ட ஆண் எலிகள் படாதவற்றைவிட அதிக நாள் உயிரோடு இருந்தன. என்ன அர்த்தம் எடுப்பது? அதனால்தான் அந்தப் புற்றுநோய் அமைப்பே இதை மறுபடி ஆராய வேண்டிய பட்டியலில் வைத்திருக்கிறது. ஆராயட்டும். அதுவரை நான் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறேன், தலையணைக்கு அடியில் வைப்பதில்லை. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் போனைச் சட்டையின் நெஞ்சுப் பையில் வைக்காமல் ஒரு சாண் தள்ளியே வையுங்கள். இதற்குப் பயம் தேவையில்லை, பழக்கம் போதும்.

வதந்திகளையும் ஒரு பிடி பிடித்துவிடுகிறேன். "இன்று இரவு 12.30 முதல் 3.30 வரை காஸ்மிக் கதிர், போனை அணைத்து வையுங்கள், நாசா சொன்னது" என்ற செய்தியை எனக்கு இதுவரை எத்தனை பேர் அனுப்பியிருக்கிறார்கள் என்று கணக்கே இல்லை. அனுப்பியவர்களில் தலைமை ஆசிரியர்களும் உண்டு! இரண்டு போனுக்கு நடுவில் முட்டை வேகும் என்பது 2000-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒருவர் கிண்டலாக இணையத்தில் எழுதியது. 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் பிணங்கள் வரிசையில் நின்றபோது, 5ஜி சோதனையால்தான் சாகிறார்கள் என்று ஓர் ஆடியோ சுற்றியது. அப்போது இந்தியாவில் எங்கேயும் 5ஜி சோதனை தொடங்கவே இல்லை. சேவை வந்தது 2022 அக்டோபரில். ஆனால் அந்த ஆடியோவைக் கேட்டு முகக்கவசத்தைக் கழற்றியவர்களை நான் பார்த்தேன்.

2.0 படம் வந்ததும் சிட்டுக்குருவிப் பேச்சு பெரிதானது. 2018 நவம்பரில் வெளியானது, ஷங்கர் படம், செல்போன் அலையால் பறவைகள் சாவதுதான் கதை. படம் நன்றாக இருந்தது, பேரனோடு பார்த்தேன். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2010-லேயே பறவை, தேனீ பற்றி ஆராய ஒரு குழு போட்டது. எச்சரிக்கையாக இருங்கள், இன்னும் ஆய்வு வேண்டும் என்று அது சொன்னது. அது நியாயமான பேச்சு. ஆனால் மயிலாப்பூரில் ஓட்டு வீடுகள் போய், கூடு கட்ட இடுக்கு இல்லாமல், தோட்டத்துப் பூச்சி இல்லாமல், அரிசி புடைக்கும் முறம் இல்லாமல் போனதைப் பற்றி ஏன் யாரும் படம் எடுப்பதில்லை? எங்கள் தெருமுனை டவர் மேலேயே காக்கா கூடு கட்டியிருக்கிறது. அதுவும் ஆதாரம் ஆகாதுதான்.

நீதிமன்றங்களும் ஒரே மாதிரி சொல்லவில்லை. ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் 2012-ல் பள்ளி, மருத்துவமனைப் பக்கம் இருக்கும் டவர்களை எடுக்கச் சொன்னது. 2017-ல் குவாலியரைச் சேர்ந்த ஒரு வீட்டு வேலைக்காரர், பக்கத்து வீட்டு டவரால்தான் தனக்குப் புற்றுநோய் என்று உச்ச நீதிமன்றம் போனார். அந்த டவரை நிறுத்த உத்தரவு வந்தது. ஆனால் சென்னை உயர் நீதிமன்றம் உள்பட பல உயர் நீதிமன்றங்கள் உறுதியான ஆதாரம் இல்லை என்று சொல்லியிருக்கின்றன. நடிகை ஜூஹி சாவ்லா 2021-ல் 5ஜிக்கு எதிராக டெல்லி உயர் நீதிமன்றம் போய் 20 லட்சம் ரூபாய் செலவுத்தொகை கட்டும்படி ஆனது. அடுத்த வருஷம் அதை 2 லட்சமாகக் குறைத்தார்கள்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம்.

கூட்டத்தில் முதல் கையெழுத்துப் போட்டவள் என்னிடம் நாலாம் வகுப்பு படித்தவள். இப்போது நாற்பத்தைந்து வயது, மீன் விற்கிறாள். ஏற்கெனவே அடுத்த தெருவில் ஒரு டவர் இருக்கிறது. அதனால் தனக்கு ரெண்டு வருஷமாகத் தலைவலி, தூக்கம் இல்லை என்று சொன்னாள். "தலக்கி மேலயே டவரு வெச்சிக்கினா, நோவாம இன்னா பண்ணும் டீச்சர்?"

நான் அவளிடம் வாதம் பண்ணவில்லை. வலிக்கிறது என்பவளிடம் வலிக்கவில்லை என்று சொல்ல நான் யார்? லண்டன் கிங்ஸ் கல்லூரிக் குழு 2005-ல் இப்படிப்பட்ட 31 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது, மொத்தம் 725 பேர். அலை ஓடுகிறதா நிற்கிறதா என்று அவர்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் ஓடுகிறது என்று நினைத்தபோதெல்லாம் நிஜமாகவே தலை வலித்தது. வலி பொய்யில்லை. காரணம்தான் வேறு.

"எதுக்கும் ஒரு தடவை பிரஷர் பார்த்துட்டு வரலாம், வா" என்றேன். "அதெல்லாம் எனக்கு ஒண்ணும் இல்ல டீச்சர், அத்த எடுத்தா சரியாப்புடும்" என்றாள். ஆட்டோவில் ஏற்றி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். மேலே 190, கீழே 110. நர்ஸ் இரண்டாம் முறை பார்த்தார், அதேதான். தலைவலி இதனால்தானா என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் இன்னும் ஆறு மாதம் இப்படியே விட்டிருந்தால் பக்கவாதத்தில் விழுந்திருக்கலாம் என்றார். விடியற்காலை மூணு மணிக்கு எழுந்திருப்பவளுக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்? உப்பு, வெயில், கடன், குடிக்கிற வீட்டுக்காரர். வாயில் எப்போதும் மாவா. ரெண்டு வருஷம் இதையெல்லாம் விட்டுவிட்டு டவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மாவாவை இன்னும் விடவில்லை. விடமாட்டாள் போலிருக்கிறது, நானும் விடுவதாக இல்லை.

இதே பெண் போன வாரம் கஸ்டமரிடம், "சிக்னலே இல்லண்ணா, ஜிபே சுத்திக்கினே கீது, காசா குடுத்துடு" என்று சொன்னதை என் காதால் கேட்டேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு வஞ்சிரம் வாங்கி வந்தேன்.

சிக்னல் இல்லாததன் விலையும் இந்தக் கரைக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26 காலையில் இங்கே யாருக்கும் எச்சரிக்கை வரவில்லை. எங்கள் பள்ளிப் பிள்ளைகள் வீட்டிலும் அழுகை இருந்தது, அதை எழுத இப்போதும் கை வரவில்லை. அதே காலையில் புதுச்சேரிப் பக்கம் நல்லவாடு கிராமத்துக்கு சிங்கப்பூரிலிருந்து ஒரு போன் வந்தது. அங்கே வேலை பார்த்த ஊர்க்காரர் டிவியில் பார்த்துவிட்டு வீட்டுக்குப் பேசினார். ஊரில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊரே மேட்டுக்கு ஓடித் தப்பியது. 2017 நவம்பர் கடைசியில் ஓக்கி புயல் வந்தபோது கன்னியாகுமரி மீனவர்கள் ஆழ்கடலில் சிக்னல் எட்டாத இடத்தில் இருந்தார்கள். கரையில் சொன்ன எச்சரிக்கை அவர்கள் காதில் விழவே இல்லை. நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. 2023 அக்டோபரில் எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறியதே, நினைவிருக்கிறதா? எத்தனை பேர் திட்டினோம்! அந்த அலறல் ஒரு நாள் இந்தக் குப்பத்துக்குத்தான் முதலில் தேவைப்படும்.

அப்படியானால் மனு வேண்டாமா? வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஜனங்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. வாடகை வீட்டுக்காரருக்கு, லாபம் கம்பெனிக்கு. பக்கத்தில் இருக்கிறவனை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அலை அளவு வரம்புக்குள் இருக்கிறதா என்று அரசின் தரங் சஞ்சார் இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். நேரில் வந்து அளக்கவும் சொல்லலாம், ஆனால் அதற்கு 4000 ரூபாய் கட்டணம். தினம் கூடை தூக்கிப் பிழைப்பவர்கள் எதற்கு 4000 கட்ட வேண்டும்? டவர் வைப்பவர் காசில் அளந்து, தமிழில் எழுதி, வாசலில் ஒட்டட்டுமே.

அதனால் நான் எழுதிய மனுவில் புற்றுநோய் என்ற வார்த்தை ஓர் இடத்தில்தான் வருகிறது, அதுவும் டீசலைப் பற்றி. கரண்ட் போனால் டவருக்கு ஜெனரேட்டர் ஓடும். டீசல் புகை 2012 முதல் அந்த முதல் பிரிவில் இருக்கிறது, பாக்கோடும் புகையிலையோடும். மேலே இருக்கும் ஆன்டெனாவுக்குப் பயந்து நிற்கிறோம், கீழே ஜன்னல் ஓரத்தில் ஓடும் ஜெனரேட்டரை யாரும் கேட்கவில்லை. அதன் சத்தமும் ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும். இரண்டாவது, கட்டடம். அது முப்பது வருஷத்துக்கு மேலான வீடு, கடற்கரையிலிருந்து கல்லெறி தூரம். இங்கே உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியே இத்துப் போகிறது. 2016 டிசம்பர் வர்தா புயலில் ஊரில் என்னென்ன சாய்ந்தது என்று எல்லாரும் பார்த்தோம். அந்த மொட்டைமாடி இரும்பைத் தாங்குமா என்று தகுதியான பொறியாளர் சான்று வேண்டும், வருஷா வருஷம் துருப் பரிசோதனை வேண்டும் என்று கேட்டோம். மூன்றாவது, அலை அளவை அவர்கள் செலவில் அளப்பது.

முதலில் சிலருக்கு மனு பிடிக்கவில்லை. "காரம் பத்தல டீச்சர்" என்றார்கள். நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வந்தது. மூன்று வாரத்துக்கு முன் கொடுத்தோம், ரசீது வாங்கி வைத்திருக்கிறேன். கம்பெனி ஆள் ஒருவர் போன் செய்து, "ஜெனரேட்டர் வைக்க மாட்டோம்மா, பேட்டரிதான்" என்றார். எழுதிக் கொடுங்கள் தம்பி என்று கேட்டிருக்கிறேன். பொறியாளர் சான்றைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. வரும் திங்கட்கிழமை நாலு பேர் சேர்ந்து வார்டு அலுவலகத்துக்குப் போகிறோம். அந்தப் பக்கம் இருப்பவர்கள் யாராவது வர முடிந்தால் காலை பத்து மணிக்கு வாருங்கள்.